இருசக்கர வண்டியில் எஞ்சின் ஆயில் மாற்றுதல்

எஞ்சின் ஆயில் மாற்றுதல் என்பது, வண்டியின் எஞ்சினில் ஓடிப் பழையதாகிவிட்ட மசகெண்ணெயை வடித்துவிட்டு, உரிய அளவில் புதிய மசகெண்ணெய் ஊற்றும் பராமரிப்பு வேலை ஆகும். வடித்தெடுக்கும் பழைய எண்ணெய் பேச்சு வழக்கில் ‘வேஸ்ட் ஆயில்’ அல்லது ‘கழிவு ஆயில்’ எனப்படுகிறது. 100 சிசி மோட்டார் சைக்கிளில் இந்த வேலையை ஒரு ஸ்பேனர், ஒரு புனல், ஒரு பழைய கேன் ஆகியவற்றைக் கொண்டு வீட்டு வாசலிலேயே முக்கால் மணி நேரத்தில் செய்து முடிக்கலாம்.

ஆயிலை மாற்றுவது எளிது. அதைத் தரையில் சிந்தாமல் மாற்றுவதும், வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் உரிய இடத்தில் சேர்ப்பதுமே கவனம் தேவைப்படும் பகுதிகள். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, மேல்மலையனூர் போன்ற கிணற்று நீரை நம்பிய ஊர்களில் இந்தக் கவனம் குடிநீரோடு நேரடித் தொடர்புடையது.

ஆயிலின் பணி

எஞ்சினுக்குள் உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசாதபடி மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைக் குறைப்பது ஆயிலின் முதல் பணி. வெப்பத்தைக் கடத்துதல், அழுக்கைச் சுமந்து செல்லுதல், துருப்பிடிக்காமல் காத்தல் ஆகியவையும் அதன் பணிகளே. ஆயிலின் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் அடிப்படை எண்ணெய். அதனுடன் தேய்மானத் தடுப்பான், அழுக்கு நீக்கி போன்ற வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் சென்னை மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் மசகெண்ணெய்க்கான அடிப்படை எண்ணெய் தயாரிக்கப்படுகிறது.

வண்டி ஓட ஓட, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி, நீராவி, அமிலங்கள், எரியாத பெட்ரோல், தேய்ந்த உலோகத் துகள் ஆகியவை ஆயிலில் சேர்கின்றன. வேதிப்பொருள்களும் செலவழிந்துவிடுகின்றன. ஆயில் கறுத்துவிட்டது என்பதாலேயே கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கரியைத் தன்னுள் சுமப்பதால் அது விரைவிலேயே கறுக்கும். மாற்ற வேண்டிய காலத்தை நிறத்தை வைத்து அல்லாமல், ஓடிய கிலோமீட்டரை வைத்தே கணக்கிட வேண்டும். வண்டியின் கையேட்டில் இந்த அளவு குறிக்கப்பட்டிருக்கும். புது வண்டிக்கு முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே முதல் மாற்றம் செய்யப்படும். அதன்பின் சிறு மோட்டார் சைக்கிள்களுக்குப் பொதுவாக 3,000 முதல் 6,000 கி.மீ. வரை இடைவெளி கூறப்படுகிறது. புழுதிச் சாலை, அதிகச் சுமை, அடிக்கடி குறுந்தொலைவு ஓட்டம் ஆகியவை இருந்தால் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மேல்மலையனூர் வட்டாரச் சூழல்

மேல்மலையனூர், செஞ்சிக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள வட்டத் தலைமையிடம். அங்காளம்மன் கோயிலால் அறியப்பட்ட ஊர். அமாவாசை இரவுகளில் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். வளத்தி, அவலூர்பேட்டை முதலிய சுற்று வட்டார ஊர்களிலிருந்து செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் சென்றுவர இருசக்கர வண்டி பெரிதும் பயன்படுகிறது. நெல், மணிலா பயிரிடும் நிலங்களில் டிராக்டர்களும் ஓடுகின்றன.

செஞ்சிக் கோட்டை அமைந்துள்ள ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி குன்றுகளைப் பார்த்தாலே தெரியும்படி, இப்பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. இத்தகைய நிலத்தில் தண்ணீர், மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. திறந்த கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் அந்த நீரையே எடுக்கின்றன. மண் போர்வை மெல்லியதாக உள்ள இடங்களில், மேலே கொட்டிய பொருள் மழைநீருடன் வெடிப்பு வழியாக அதிகம் வடிகட்டப்படாமலேயே கீழே செல்ல முடியும். தெருக் கால்வாயில் ஊற்றியது ஏரிக்குப் போகும். செஞ்சிப் பகுதியில் உருவாகும் சங்கராபரணி ஆறு வீடூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து புதுச்சேரி அருகே கடலில் கலப்பதால், இங்கு ஓடைகளில் சேரும் எண்ணெய் உள்ளூரோடு நின்றுவிடுவதில்லை.

ஒரு முறை வாகனத்தில் மாற்றப்படும் ஆயில், பத்து லட்சம் கேலன் (ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர்) நன்னீரைக் கெடுக்கப் போதுமானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகிறது. இது கார் ஆயிலை வைத்துச் சொல்லப்பட்ட கணக்கு. மோட்டார் சைக்கிளில் அளவு குறைவு என்றாலும் தன்மை ஒன்றே.

எந்த வண்டிக்கு இந்த வேலை பொருந்தும்

நான்கு வீச்சு எஞ்சின் உள்ள வண்டிகளுக்கே ஆயில் மாற்றுதல் தேவைப்படுகிறது. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் போன்ற இரண்டு வீச்சு வண்டிகளில் ‘டூ டி’ ஆயில் பெட்ரோலுடன் கலந்தே ஊற்றப்பட்டு, எரிந்து வெளியேறிவிடும். அவற்றில் எஞ்சின் ஆயிலை வடித்து மாற்றும் வேலை இல்லை. பின்னர் வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100 நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. அதற்கு ஆயில் மாற்ற வேண்டும். மின் மோட்டாரில் ஓடும் வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலே கிடையாது.

ஆயிலைத் தேர்ந்தெடுத்தல்

டப்பாவில் மூன்று வகைக் குறியீடுகள் காணப்படும்.

எஸ்.ஏ.இ. எண்: ஆயிலின் பாகுநிலையைக் குறிப்பது. எடுத்துக்காட்டாக 10டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் எஞ்சின் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுகிறது.

ஏ.பி.ஐ. தரம்: ‘எஸ்’ எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கும், ‘சி’ எழுத்தில் தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கும் உரியது. எஸ்-க்கு அடுத்த எழுத்து அகரவரிசையில் பின்னால் செல்லச் செல்லத் தரம் புதியது.

ஜாசோ தரம்: இருசக்கர வண்டிகளுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு. கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் இயங்குகின்றன. இவற்றுக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தரம் தேவை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் எம்.பி. தரம் பொருந்தும். கார் ஆயில் மலிவாகக் கிடைக்கிறது என்று மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் நழுவ வாய்ப்புண்டு.

மூன்றையும் கையேட்டில் உள்ளபடியே வாங்க வேண்டும். டப்பாவின் மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். காலி டப்பாக்களில் போலி ஆயில் அடைத்து விற்கும் மோசடி உண்டு.

தேவையான பொருள்கள்

• கையேட்டில் சொன்ன தரத்திலும் அளவிலும் புதிய ஆயில். 100 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள் போதும், 900 மி.லி. டப்பாக்கள் இதற்காகவே விற்கப்படுகின்றன.
• வடிகால் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். திறந்த வாய் ஸ்பேனர் போல்ட்டின் முனைகளைத் தேய்த்துவிடும்.
• வடிகால் போல்ட்டுக்கான புதிய வாஷர்.
• 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேன் ஒன்று.
• புனல், பழைய பனியன் துணி, அட்டைப்பெட்டி, கையுறை.
• ஒரு படி உமி அல்லது மரத்தூள்.

சமையல் எண்ணெய் கேனைப் படுக்க வைத்து, மேலே வரும் அகலமான பக்கத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்தால் ஆயில் பிடிக்கும் தட்டு கிடைக்கும். வாயையும் மூடியையும் அப்படியே விட வேண்டும். வடித்த பின் மூடியைத் திறந்து, அந்த வாய் வழியாகவே ஆயிலை டப்பாவுக்குள் ஊற்றலாம். அகன்ற பேசினிலிருந்து சாய்த்து ஊற்றும்போதுதான் அதிகம் சிந்துகிறது. இந்தக் கேன் அதைத் தவிர்க்கிறது. கேன் எஞ்சினுக்கு அடியில் நுழையும் உயரத்தில் உள்ளதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

1. இடம்: சமமான சிமெண்ட் தரையாகவும், கிணறு, அடிபம்பு, தண்ணீர்த் தொட்டி, வடிகால் ஆகியவற்றிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். ஆயில் நூலாக வடியும்போது காற்று அதை ஒதுக்கித் தள்ளிவிடும். ஆடிக் காற்றுக் காலத்தில் சுவர் மறைவில் செய்வது நல்லது.

2. சூடேற்றுதல்: எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு முழுமையாக வடியும். நீண்ட தூரம் ஓட்டிய உடனே திறக்கக் கூடாது. ஆயிலும் சைலன்சரும் கையைச் சுட்டுவிடும்.

3. நிறுத்துதல்: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அடியில் அட்டைப்பெட்டியை விரித்து, அதன்மேல் கேனை வைக்க வேண்டும்.

4. போல்ட்டைக் கழற்றுதல்: எஞ்சினின் அடிப்பகுதியில் உள்ள வடிகால் போல்ட்டையும் அதைச் சுற்றியுள்ள சேற்றையும் முதலில் துடைக்க வேண்டும். ஸ்பேனரால் ஒரு சுற்று தளர்த்தியபின் மீதியைக் கையால் திருக வேண்டும். திருகும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருந்தால், கடைசி மரை வரை ஆயில் கசியாது. மரை முடிந்ததும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் போல்ட் ஆயிலுக்குள் விழாது. முழங்கை வரை ஆயில் வழியாது.

5. வடித்தல்: முதலில் வரும் ஆயில் வேகமாகச் சற்றுத் தள்ளி விழும், பிறகு நேராக விழும். கேனை முதலில் அதற்கேற்பத் தள்ளி வைத்து, பின்னர் நகர்த்த வேண்டும். ஒழுக்கு குறைந்ததும் மேலேயுள்ள ஆயில் மூடியைத் திறந்துவிட்டால் மீதியும் சீராக வரும். சொட்டு நிற்கும் வரை 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால் அழுக்கு ஆயில் உள்ளே தங்கிவிடும்.

6. வடிகட்டி: சில வண்டிகளில் காகித வடிகட்டி உண்டு, கையேட்டில் சொன்ன இடைவெளியில் அதையும் மாற்ற வேண்டும். ஸ்ப்ளெண்டர் வகை எஞ்சின்களில் வலைச் சல்லடையும், சுழற்சியால் அழுக்கைப் பிரிக்கும் வடிகட்டியும் உள்ளன. அவற்றைச் சுத்தம் செய்ய எஞ்சினின் பக்க மூடியைக் கழற்ற வேண்டியிருப்பதால் மெக்கானிக்கிடம் விடுவதே பொருத்தம்.

7. மூடுதல்: துளையின் வாயைத் துடைத்து, புது வாஷருடன் போல்ட்டை முதலில் கையால் மட்டுமே திருக வேண்டும். எஞ்சின் உறை அலுமினியத்தால் ஆனது. கோணலாக ஏற்றியோ மிகையாக முறுக்கியோ மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். கையால் ஏறியபின் ஸ்பேனரால் அளவாக இறுக்கினால் போதும்.

8. ஊற்றுதல்: புனல் வைத்து முதலில் முக்கால் பங்கு ஊற்றி, பிறகு அளவுகோலைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஆயில் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில், மேல் குறியைத் தாண்டாமல் நிற்க வேண்டும். அதிகமானால் நுரைத்து, காற்று வடிகட்டிப் பெட்டி வரை வழியலாம்.

9. சரிபார்த்தல்: எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவை மீண்டும் பார்க்க வேண்டும். அளவுகோலைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் நுழைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். போல்ட்டைச் சுற்றிக் கசிவு இல்லையென உறுதி செய்து, தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து வைக்க வேண்டும்.

சிந்திவிட்டால்

சிமெண்ட் தரையில் சிந்திய ஆயிலின் மேல் உமி, மரத்தூள் அல்லது உலர்ந்த மணலைத் தூவி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கூட்டி எடுக்க வேண்டும். மீதிக் கறையைச் சோப்புத் தூளும் சிறிதளவு தண்ணீரும் விட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுக்கலாம். குழாயைத் திறந்து அடித்துக் கழுவினால் கறை வாசலை விட்டுக் கால்வாய்க்கு இடம் மாறுமே தவிர மறையாது. மண் தரையில் சிந்தினால், நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஆயில் ஊறிய உமியையும் துணியையும் அடுப்பில் எரிக்கக் கூடாது. கட்டி வைத்து, கழிவு ஆயிலுடன் ஒர்க்‌ஷாப்பில் சேர்க்கலாம்.

கையில் பட்ட ஆயிலைப் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் கொண்டு கழுவுவது தோலுக்குக் கேடு. சோப்புத் தூளுடன் மரத்தூள் சேர்த்துத் தேய்த்தால் போய்விடும்.

டிராக்டரும் டீசல் எஞ்சினும்

டிராக்டர், டீசல் பம்பு செட் ஆகியவற்றுக்கு முறை இதுவே என்றாலும் கணக்கு ஓடிய மணி நேரத்தில் வைக்கப்படுகிறது. பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரம் என்ற இடைவெளி கூறப்படுகிறது. வடியும் ஆயில் பல லிட்டர் இருப்பதால், வடிக்கும் பாத்திரம் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். டீசல் பம்பு செட் கிணற்று மேட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். அங்கே சிந்தும் ஆயில் நேராகக் கிணற்றுக்குள்ளேயே இறங்கக்கூடும் என்பதால் வடிக்கும் தட்டும் உமியும் அங்குதான் மிகவும் தேவை.

கழிவு ஆயிலின் தீங்கு

பழைய ஆயிலில் துத்தநாகம் முதலிய உலோகங்களும், எரிதலால் உண்டாகும் பல்வளைய நறுமண ஐதரோகார்பன்கள் எனும் நச்சுப் பொருள்களும் உள்ளன. முன்பு பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டதால் கழிவு ஆயிலிலும் ஈயம் மிகுந்திருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுவதால் அது குறைந்துள்ளது. சுத்திகரிக்கப்படாத அல்லது குறைவாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது. நீர்ப்பரப்பில் எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவுவதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கரைவது தடைபட்டு மீன்களும் பிற உயிர்களும் பாதிக்கப்படுகின்றன.

கிராமப்புறங்களில் கழிவு ஆயிலை வீணாக்காமல் பயன்படுத்தும் பழக்கங்கள் சில உள்ளன. கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் பலகையில் பூசுதல், கரையான் அரிக்காமல் இருக்க மரத்தில் தடவுதல், புழுதி அடங்கத் தரையில் தெளித்தல் ஆகியவை அவற்றுள் சில. சிக்கனமாகத் தோன்றினாலும் இவை அனைத்திலும் ஆயில் இறுதியில் மண்ணையே சேர்கிறது. பலகையிலும் மரத்திலும் பூசியதை மழை கழுவிக்கொண்டு போகிறது. அடுப்பிலும் சூளையிலும் எரித்தால் உலோகங்கள் புகையுடன் காற்றில் கலக்கின்றன.

சட்டமும் மறுசுத்திகரிப்பும்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் தீங்குதரும் மற்றும் பிற கழிவுகள் விதிகளின்கீழ், பயன்படுத்திய எண்ணெய் தீங்குதரும் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதை மறுசுழற்சி செய்யும் தொழிற்சாலைகள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். 2023 செப்டம்பரில் இவ்விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மசகெண்ணெய் உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும், விற்ற எண்ணெயில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என இது அழைக்கப்படுகிறது.

ஆயில் அழுக்காகிறதே தவிர, அதன் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் தீர்ந்துபோவதில்லை. மறுசுத்திகரிப்பு ஆலைகளில் நீரும் பெட்ரோலும் முதலில் ஆவியாக்கி நீக்கப்படுகின்றன. பின்னர் குறைந்த காற்றழுத்தத்தில் காய்ச்சி வடித்து, ஐதரசன் அல்லது களிமண் கொண்டு தெளிவித்தால் மீண்டும் அடிப்படை எண்ணெய் கிடைக்கிறது. இதற்குக் கழிவு ஆயில் தண்ணீர், பெட்ரோல், பிரேக் திரவம், பெயிண்ட் போன்றவை கலக்காமல் வந்து சேர வேண்டும்.

வீட்டில் சேமித்து ஒப்படைத்தல்

புதிய ஆயில் ஊற்றிக் காலியான டப்பாவே பழைய ஆயிலை அடைக்க ஏற்றது. அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். போலி ஆயில் விற்போர் பயன்படுத்த முடியாதபடி அதன் லேபிளைக் கிழித்துவிட்டு, ‘கழிவு ஆயில்’ என்று பெரிதாக எழுத வேண்டும். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ அடைத்தால் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு 3,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் நான்கு டப்பா கழிவு ஆயில் சேரும். ஒர்க்‌ஷாப்களிலும் நிறுவனச் சேவை மையங்களிலும் கழிவு ஆயிலைப் பேரல்களில் சேர்த்துவைத்து, எடுத்துச் செல்ல வரும் முகவர்களிடம் கொடுப்பது வழக்கம். சேர்ந்த டப்பாக்களைச் செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ வேறு வேலையாகச் செல்லும் நாளில் கொண்டுபோய் அந்தப் பேரலில் ஊற்றிவிடலாம். கொடுப்பதற்கு முன், அந்தப் பேரல் சென்ட்ரிங் வேலைக்கோ சூளைக்கோ போகிறதா, ஒப்புதல் பெற்ற மறுசுழற்சிக்குப் போகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்ட்ரிங்கிற்கோ சூளைக்கோ போகிறது என்றால் வேறு கடையைத் தேடுவது நல்லது.